ஏழாம் வருடத்துப் புகை

நவம்பர் 9

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருடம், பதினொரு மாதம். இனியும் பேசாமல் இருந்தால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாய். அப்படி ஒரு நினைப்பு உனக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று கூரியர்காரர் ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே என்ன என்று தூக்கிப் பார்த்தபோதே தெரிந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் அந்த ஸ்காட்லாந்துத் தீவுக்காரர்கள் தங்கள் புகை விஸ்கியை, அதே பெயரில், வேறு நிற லேபிளில், அந்த வருடத்துக்கென்று கொஞ்சம் வெளியிடுகிறார்கள். நீ ஏதோ ஒரு துறைமுகக் கடையில் ஒன்றை வாங்கி, ஒரு வரிகூட எழுதாமல் எனக்கு அனுப்பிவிடுகிறாய். போன வருடமும் அனுப்பினாய். அதற்கு முந்தைய வருடமும். மூன்றும் அலமாரி மேல்தட்டில் திறக்காமல் நிற்கின்றன. இனி அனுப்பாதே.

காரணம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். தீப்பிடித்த கட்டடத்துக்குள் மறுநாள் போய், தீ எங்கே தொடங்கியது என்று அறிக்கை எழுதுவதில் இருபத்துநான்கு வருடம் போயிருக்கிறது. எழுத்தில் இல்லாததை நான் நம்புவதில்லை.

முதல் பாட்டிலை நீதான் கொண்டுவந்தாய். சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து, அதை எரித்த புகையில் பார்லியைக் காட்டி வடிக்கிறார்கள் என்று பெரிய பேராசிரியர் மாதிரி விளக்கினாய். நர்ஸ் வேலை பார்த்த உன் அக்கா முகர்ந்துவிட்டு, "இது எங்க ஆஸ்பத்திரி டிரெஸ்ஸிங் ரூம் வாசனைடா, இதுக்குப் போய் இத்தனை தூரம் கப்பல் ஓட்டினியா" என்றாள். இருந்தாலும் மறுவருடம் அவளேதான் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு வருடத்துப் பாட்டிலிலிருந்தும் மூன்று மருந்துக் குப்பிகளைக் கழுத்துவரை நிரப்பி, மெழுகு வைத்து மூடி, அடுத்த வருடத்தோடு ஒப்பிட வேண்டும் என்ற ஏற்பாடும் அவளுடையதுதான். காற்றுப் புகுந்தால் புகை ஓடிவிடும் என்று கண்டுபிடித்ததும் அவள். கிண்ணத்தின் அடியில் வருடத்தை ஒட்டி, இடம் மாற்றி வைப்போம்; முகர்ந்து எந்த வருடம் என்று சொல்ல வேண்டும். அவள் ஒரு தடவைகூடத் தவறாகச் சொன்னதில்லை. நான் ஐந்தில் மூன்று. நீ எல்லாவற்றுக்கும் "புகை. நல்ல புகை" என்று ஒரே குறிப்பு எழுதுவாய்.

ஏழாம் வருடத்துப் பாட்டில் வந்தபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் வீடு திரும்பும் நாளில் திறப்பதென்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். நீயும்தான் தலையாட்டினாய்.

அவளை எரித்துவிட்டு வந்த அன்று அலமாரியைத் திறந்தேன். ஏழாவதன் தக்கைமேல் இருந்த உறை அறுந்திருந்தது. இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. வீட்டுச் சாவி என்னைத் தவிர உன்னிடம் மட்டும்தான் இருந்தது. கூடத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டேன். "ஆமா. நான்தான் திறந்தேன்" என்றாய். எதற்கு என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய், கல்லுளிமங்கன் மாதிரி. அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது உனக்குத் தாகம் எடுத்திருக்கிறது. எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று நான் அன்று சொன்னதில் இன்றும் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

பாட்டில்களை நிறுத்து. இதற்குப் பதிலும் வேண்டாம்.

*

டிசம்பர் 3, கப்பலிலிருந்து

அத்தான்,

உங்கள் கடிதம் இரண்டு துறைமுகம் என்னைத் துரத்தி மூன்றாவதில் பிடித்தது. பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லி நான் எதை நிறுத்தியிருக்கிறேன்? இஞ்சின் அறையில் எண்ணெய்க் கையோடு படித்ததால் ஓரமெல்லாம் கறை. உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது. உறையில் அதைப் பார்த்ததும், உள்ளே என்ன திட்டு இருந்தாலும் சரி என்று ஆகிவிட்டது.

பாட்டில்களை நானாக அனுப்பவில்லை. அக்கா சொன்னாள். "வருஷா வருஷம் வாங்கி அனுப்புடா, நிறுத்திடாத. அவருக்குத் திட்டறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும், இல்லேன்னா மனுஷன் யார்கிட்டயும் பேச மாட்டார்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கூட ஒரு வரி எழுதி வைக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் தாளை எடுப்பேன். எடுத்த தாளில் கடைசியில் ஏதாவது வால்வின் படம்தான் இருக்கும்.

ஏழாவதைப் பற்றி அன்று சொன்னதுதான். நான் திறந்தேன். அதற்கு மேல் கேட்காதீர்கள். தயவுசெய்து.

எனக்கு ஒரே ஒரு வேண்டுதல். மூன்றையும் திறந்து, பழைய குப்பிகளோடு வைத்துப் பாருங்கள். எது நல்ல வருடம் என்று எழுதுங்கள். இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் விஸ்கியைக் குளிர்பானத்தில் கலந்து குடிக்கிறார்கள். பார்த்தால் உங்களுக்கு மாரடைப்பு வரும். போன வருடத்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே அது மோசமாக இருக்கும்.

ஏப்ரலில் என் ஒப்பந்தம் முடிகிறது. மூன்று மாதம் கரையில். போன இரண்டு விடுமுறையையும் விடுதி அறையில் கழித்தேன். வசதியாகத்தான் இருந்தது, துவைத்த விரிப்பு, சுடுதண்ணீர், எல்லாம். ஆனால் அங்கே யாரும் என்னை "மூக்கடைப்பு" என்று கூப்பிடுவதில்லை. அந்த வீட்டுக்கு நான் வரலாமா என்பதை மட்டும் எழுதுங்கள். வராதே என்றாலும் எழுதுங்கள்.

உங்கள் தம்பி

*

டிசம்பர் 27

நீ கேட்டாய் என்பதற்காகத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, மழை. சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்துக் கிண்ணங்களை வைத்தேன். அளவுகோலாக நம் இரண்டாம் வருடமும் ஆறாம் வருடமும்.

எட்டாவது: மருந்து முன்னால், புகை பின்னால். டிங்சர் தோய்த்த பஞ்சு, கடல் உப்பு, கடைசியில் லேசாக எலுமிச்சைத் தோல். முதல் மடக்கு கம்பீரம். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மண்சுவர் மாதிரிச் சரிந்துவிடுகிறது.

ஒன்பதாவது, உனக்குப் பிடித்தது: ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் கிடந்திருக்கிறது. உலர்ந்த திராட்சை, பழைய தோல்பை, வெயிலில் இளகிய தார். இனிப்பைப் பார்த்ததும் நீ விழுந்திருப்பாய். ஆனால் அந்த இனிப்புக்குக் கீழே புகை அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. கால் மணி நேரம் கழித்துக் கிண்ணம் காலியான பிறகும் அதில் இருந்தது. இது நல்ல வருடம். இதை எழுத என் கை கூசுகிறது.

பத்தாவது இளசு. புகை சத்தம் போடுகிறது, சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அதிகாரி நினைவுக்கு வந்தார்.

ஆக, இரண்டாவதுக்குப் பக்கத்தில் ஒன்பதாவது. ஆறாவது, எட்டாவது அதற்குப் பிறகு. பத்தாவது கடைசி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம், புதிய மூன்றுக்கும் குப்பி நிரப்ப உட்கார்ந்தேன். உன் அக்கா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கேட்டு வாங்கிய காலிக் குப்பிப் பெட்டி. மொத்தம் முப்பது. ஆறு வருடத்துக்குப் பதினெட்டு போனால் மீதி பன்னிரண்டு. பதினொன்றுதான் இருந்தது.

பிறகு ஏழாவதை இறக்கி வைத்தேன். அன்றைக்குப் பிறகு அதை நான் தொடவில்லை. உறை தக்கையைச் சுற்றி ஒரே கோடாக, பிசிறில்லாமல் அறுபட்டிருக்கிறது. நீ எதையும் அறுத்துத் திறந்தவன் இல்லை. கிழிப்பாய். அவசரத்தில் பல்லால் கடித்ததையும் பார்த்திருக்கிறேன். அதே வடிவத்து ஆறாம் வருடக் காலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, குறைந்த அளவை அளந்தேன். அறுபது மில்லி. நம் குப்பி பிடிப்பதும் அறுபது மில்லிதான்.

தாகத்துக்குக் குடிக்கிறவன் குப்பி எடுத்து அளந்து குடிக்க மாட்டான். அது இந்த வீட்டில் குடிக்கப்படவில்லை. வெளியே போயிருக்கிறது.

இதை அன்றே பார்த்திருக்க வேண்டும். வேறு யார் வீடாக இருந்தாலும் பார்த்திருப்பேன். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நான் பார்த்த வரையில் நெருப்பு அணைந்த பிறகுதான் அதிகம் புகையும். எங்கே கொண்டுபோனாய்? யார் கேட்டார்கள்? ஏப்ரலைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

*

ஜனவரி 30, கப்பலிலிருந்து

அத்தான்,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். நீங்கள் குப்பிக் கணக்குவரை போன பிறகு உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அக்காவுக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன். அவள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த டிசம்பர் இரண்டாம் தேதி, எரிந்த கிடங்கு ஒன்றைப் பார்க்க நீங்கள் காலையிலேயே போய்விட்டீர்கள். நான் அக்கா பக்கத்தில் இருந்தேன். டாக்டர் வந்தார். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, வீட்டுக்குப் போகிற நிலைமையும் இல்லை, மூன்று வாரம் என்றார். அக்கா கேட்டுக்கொண்டாள், நோயாளி வேறு யாரோ மாதிரி. "அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன் டாக்டர், நீங்க சொல்லாதீங்க" என்றாள்.

டாக்டர் போன பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "நான் வீட்டுக்கு வர்ற நாளுக்குன்னு அந்த பாட்டிலை வெச்சிருக்கார். எனக்கு அது எப்படி இருக்குன்னு தெரியணும்டா. போய் ஒரு குப்பி எடுத்துட்டு வா. கிழிச்சு வெக்காத, என் வேலைப் பையில பிளேடு இருக்கு, சுத்தி அறு. அப்புறம் ஒட்டிக்கலாம்." ஒட்டிக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மத்தியானம் கொண்டுபோனேன். குப்பியைத் திறந்து மூக்கருகில் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்திருந்தாள். பிறகு, "ஒண்ணும் தெரியலடா" என்றாள். மருந்து அவள் மூக்கைக் கொண்டுபோயிருந்தது. அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் சொன்னதற்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ சொல்லு" என்றாள். நான் முகர்ந்து, "புகை வருதுக்கா" என்றேன்.

"என்ன புகைடா?"

"தெரியலக்கா. நல்ல புகை."

சிரித்துவிட்டாள். இருமல் வரும்வரை சிரித்தாள். "உன்னைப் போய்க் கேட்டேன் பாரு. அவர் இருந்தா சொல்லியிருப்பார்" என்றாள்.

உங்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் அப்போது குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பி வாங்கி வைத்திருந்தீர்கள். ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்கக் கொடுத்திருந்தீர்கள். "இதெல்லாம் செஞ்சுட்டு வந்து சாயங்காலம் உக்காந்து சொல்றார்டா. அந்த நேரத்துல நான் நிஜமாவே வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு. அதை ஏன் கெடுக்கணும், அவருக்கும் எனக்கும்?" என்றாள். சொல்லப்போகிறேன், சொல்லப்போகிறேன் என்று பதினெட்டு நாள் போய்விட்டது.

அன்று கூடத்தில் நீங்கள் கேட்டபோது நான் என்ன சொல்ல? உங்களிடம் சொல்லாததை என்னிடம் சொன்னாள் என்று, அவளை எரித்துவிட்டு வந்து நின்ற மனிதரிடம் சொல்வதா? குடிகாரன் என்ற பெயர் எனக்கு லேசாக இருந்தது. கப்பல்காரனைப் பற்றி எல்லோரும் ஏற்கெனவே நினைப்பதுதானே.

அவள் முகர்ந்த குப்பியை அன்றே மெழுகு வைத்து மூடினேன். ஒரு சொட்டும் குறையவில்லை. மூன்று வருடமாக என் கேபின் இழுப்பறையில், கப்பல் ஆடினால் உடையாமல், ஒரு கம்பளிக் காலுறைக்குள் இருக்கிறது. இதோடு அனுப்புகிறேன். காலுறை துவைத்ததுதான்.

ஏப்ரலைப் பற்றி நான் இனி கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் சரி.

தம்பி

*

பிப்ரவரி 24

குப்பி உடையாமல் வந்தது.

உன் கடிதத்தை முதலில் அறிக்கை படிப்பது மாதிரிப் படித்தேன். தேதி, நேரம், யார் எங்கே நின்றார்கள். எல்லாம் பொருந்துகிறது. டிசம்பர் இரண்டாம் தேதி நான் நின்றுகொண்டிருந்தது ஒரு நார்க் கிடங்கில். மின்கம்பி இணைப்பில் தொடங்கிய தீ. அதைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கு மேலதிகாரி பாராட்டினார்.

அன்று சாயங்காலமே அவளிடம் போனேன். குளியலறைக் கம்பியை எந்த உயரத்தில் வைக்கலாம் என்று கேட்டேன். படுத்தபடியே கையை மடக்கிக் காட்டி, "இந்த உயரம். கொஞ்சம் தாழ்வா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். மறுநாள் பொருத்தினேன். தாழ்வாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது, கழற்றி அரை சாண் ஏற்றி மறுபடி துளைபோட்டேன். அதையும் போய்ச் சொன்னேன். அவள் துளை எத்தனை, சுவர் ஓடு விரிசல் விட்டதா என்றெல்லாம் விசாரித்தாள். முதலில் போட்ட நான்கு துளைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. அந்தக் கம்பியை இதுவரை யாரும் பிடித்ததில்லை. நானும் பிடிப்பதில்லை.

எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். பத்தாம் தேதி வாக்கில், "வீட்டுச் செருப்பை எடுத்துட்டுப் போயிடுங்க, இங்க இடத்தை அடைக்குது" என்றாள். வீட்டுக்கு வருகிறவளுக்கு வாசல்வரை நடக்கச் செருப்பு வேண்டாமா? அவளுக்கு ஏற்றிய மருந்து நின்றுபோனதைக் கேட்டதற்கு நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னாள். சாம்பலில் கிடக்கிற ஒரு ஆணியைப் பார்த்துக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று சொல்கிறவன் நான். செருப்பைப் பையில் போட்டு எடுத்துவந்து, அவள் வந்ததும் போட்டுக்கொள்ள வசதியாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். பார்த்தேன், பார்த்ததை எழுதிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எண்ணாதே. அது இடம் மாறியிருக்கிறது. நீ குடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இந்த மூன்று வருடமும் நான் நிமிர்ந்து நடந்ததே அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டாய். பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவள், சாகப்போகிறேன் என்பதை உன்னிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் துளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறாள். உன்னை எதிரே உட்காரவைத்துப் பார்த்தால், அவள் அதைச் சொன்னபோது இருந்த முகம் உன் முகத்தில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றுதான் தேடுவேன். அது உனக்கும் நல்லதில்லை.

இனி அவள் கேட்டதற்கு வருகிறேன்.

நேற்று மத்தியானம் இரண்டு கிண்ணங்கள் வைத்தேன். ஒன்றில் அலமாரியில் நின்ற ஏழாம் வருடத்துப் பாட்டிலிலிருந்து ஒரு மூடி. மற்றொன்றில் உன் குப்பியிலிருந்து ஒரு மூடி. ஒரே வருடம், ஒரே பாட்டில், அறுபது மில்லி மட்டும் பிரிந்துபோய் வந்திருக்கிறது. பாட்டிலில் இருப்பது தளர்ந்துவிட்டது. அறுந்த உறையோடு, மேலே காற்றை வைத்துக்கொண்டு, மூன்று வருடம் அது என் கோபத்துக்குச் சாட்சியாக நின்றது. பார்லியின் இனிப்பு இருக்கிறது, உப்பு இருக்கிறது, புகை எங்கோ அடுத்த தெருவில். நீ காலுறைக்குள் வைத்திருந்தது அப்படியே இருக்கிறது. முகர்ந்ததும் கண்ணில் நீர் வந்தது. அது விஸ்கியின் வீரியம் என்று வைத்துக்கொள்.

என்ன புகை என்று கேட்டாள் அல்லவா. விறகுப் புகை இல்லை. தாரும் இல்லை. எட்டாவதில் இருக்கும் மருந்து வாடை இதில் கொஞ்சம்கூட இல்லை. கயிறு எரிந்த புகை. அதுவும் எரியும்போது வருவது இல்லை. தண்ணீர் அடித்து அணைத்து, எல்லோரும் போன பிறகு, மறுநாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது நனைந்த நாரில் நின்றுகொண்டிருக்குமே, அது. டிசம்பர் இரண்டாம் தேதி என் சட்டை முழுக்க அந்த வாடைதான். அதோடு போய்த்தான் அவள் கட்டிலருகில் உட்கார்ந்து கம்பியின் உயரத்தைப் பேசினேன். மூக்கு இருந்திருந்தால், மத்தியானம் குப்பியில் கிடைக்காதது சாயங்காலம் என் சட்டையில் கிடைத்திருக்கும். எந்த வருடமும் தப்பாகச் சொல்லாதவள், உடனே சொல்லியிருப்பாள்.

பத்து வருடத்தில் இதுதான் சிறந்தது. இரண்டாவது என்று இவ்வளவு நாளும் பிடிவாதம் பிடித்தேன், அதை வாபஸ் வாங்குகிறேன். நோட்டில் ஏழாவதுக்கு நேராக மூன்று பேர் குறிப்புக்கும் இடம் விட்டிருந்தது. என்னுடையதை எழுதினேன். உன்னுடையதில் "புகை. நல்ல புகை" என்று நானே எழுதிவிட்டேன். நடுவில் இருப்பதை அப்படியே விட்டேன்.

ஏப்ரலில் வராதே. எனக்கு இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. ஆனால் பதினோராம் வருடத்துப் பாட்டிலைக் கூரியரில் அனுப்பாதே. கையில் எடுத்துக்கொண்டு வா.

கீழே என்ன போட்டு முடிப்பது என்றுதான் தெரியவில்லை. உன் அத்தான் என்று எழுதினேன். உன்னை வாசலில் நிறுத்தி, அவள் போன பிறகு நான் உனக்கு அத்தான் இல்லை என்று சொன்னவன் அதை எந்த உரிமையில் எழுதுகிறான் என்று தோன்றியது. அந்தத் தாளைக் கிழித்தேன். அடுத்த தாளில் அறிக்கைக்குப் போடுவது போல முழுப் பெயரும் பதவியும் போட்டேன். யாரோ அந்நியன் உனக்கு எழுதிய மாதிரி இருந்தது. அதையும் கிழித்தேன். இது மூன்றாவது தாள். தபால் பெட்டியைத் திறக்க ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடுவார். கையெழுத்து இல்லாமலே இதைப் போட்டுவிடுகிறேன்.